மகிழ்ச்சி, துயரம்: மூளை ஆய்வின் வரலாறு

மகிழ்ச்சியும் துயரமும் மூளையில் எப்படி எழுகின்றன என்று ஆராயும் துறை, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நரம்பியல், உளவியல், மருந்தியல் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் பிறந்தது. அதன் பெரிய கண்டுபிடிப்புகளில் பல தேடிப் போனவை அல்ல. இடம் தவறிப் பதிந்த ஒரு மின்முனை, காசநோய்க்குக் கொடுத்த ஒரு மாத்திரை, இரத்தக் கொதிப்புக்குக் கொடுத்த ஒரு வேர் என்று எதிர்பாராத இடங்களில் அவை வந்து சேர்ந்தன. கண்டதற்கு அவசரமாகச் சூட்டிய விளக்கங்கள் பிறகு பல பத்தாண்டுகள் துறையைக் கட்டிப்போட்டன. 'இன்ப மையம்' என்று உலகம் கொண்டாடிய இடம் பெரும்பாலும் வேட்கையின் பாதை என்று பின்னால் தெரிந்தது. துயரம் என்பது மகிழ்ச்சி வற்றிப்போன நிலை என்ற எண்ணமும் நிற்கவில்லை. துயரத்துக்கு அதற்கே உரிய நரம்புச் சுற்றுகள் இருக்கின்றன. இந்த இரண்டு திருத்தங்களும் எப்படி நிகழ்ந்தன என்பதே இந்தத் துறையின் வரலாறு.

முன்னோடிகள்

உணர்ச்சிக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்ற கருத்துக்கு 1937இல் அமெரிக்க நரம்பியலாளர் ஜேம்ஸ் பேப்பெஸ் ஒரு வரைபடம் தந்தார். மூளையின் உட்புறத்தில் வளையமாக இணைந்திருக்கும் பகுதிகளை உணர்ச்சியின் சுற்று என்றார். 1952இல் பால் மக்லீன் அதை விரித்து 'லிம்பிக் அமைப்பு' என்று பெயரிட்டார். இதற்கு முன்பே சூரிச்சில் வால்டர் ஹெஸ், விழித்திருக்கும் பூனைகளின் மூளை அடியில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தி, சாதுவான பூனையைச் சீறவைத்துக் காட்டியிருந்தார்.

1949ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஹெஸ்ஸுக்குக் கிடைத்தது. அதே பரிசின் மறுபாதி லிஸ்பனைச் சேர்ந்த எகாஸ் மோனிஸுக்குப் போனது. மனநோயாளிகளின் முன்மூளை இணைப்புகளை வெட்டித் துண்டிக்கும் லோபோடமி சிகிச்சையை 1935இல் தொடங்கியவர் அவர். துயரம் மூளையில் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாத காலத்தில் அதை வெட்டி எடுக்கத் துணிந்தார்கள்; ஆயிரக்கணக்கானோர் துயரத்தோடு தம் ஆளுமையையும் இழந்தார்கள். இந்தத் துறையின் கதையை எழுதும்போது அவர்களை விட்டுவிட்டு எழுதக் கூடாது.

மாண்ட்ரீல் சோதனை, 1953–1954

ஜேம்ஸ் ஓல்ட்ஸ் சமூக உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். மூளை ஆய்வில் அனுபவம் இல்லாமல், ஆர்வம் மட்டும் கொண்டு, மாண்ட்ரீலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்டு ஹெப்பின் ஆய்வகத்துக்கு வந்தார். எலியின் மூளைக்குள் மின்முனை பொருத்தும் வித்தையை அவருக்குக் கற்றுத் தந்தவர், பொறியியலிலிருந்து உளவியலுக்கு வந்த பீட்டர் மில்னர். விழிப்பு நிலையோடு தொடர்புடைய மூளைத்தண்டுப் பகுதி ஒன்றே அவர்களின் இலக்கு. ஓர் எலிக்கு மின்முனை இலக்கிலிருந்து வெகுதூரம் விலகி, முன்மூளையின் செப்டம் பகுதியில் போய் நின்றது.

அந்த எலியை மேசைமேல் உலவவிட்டு, குறிப்பிட்ட ஒரு மூலைக்குப் போகும்போதெல்லாம் மின்னோட்டம் கொடுத்தார் ஓல்ட்ஸ். எலி அந்த மூலையைத் தவிர்க்கவில்லை. திரும்பத் திரும்ப அங்கேயே வந்தது. மின்னோட்டம் கொடுக்கும் மூலையை மாற்றினால் எலியும் இடம் மாறியது. அடுத்த கட்டமாக எலியின் கையிலேயே விசையைக் கொடுத்தார்கள்: நெம்புகோலை அழுத்தினால் மூளைக்கு ஒரு சிறு மின்துடிப்பு. சில எலிகள் மணிக்கு ஆயிரக்கணக்கில் அழுத்தின. 1954இல் இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை நிதானமான சொற்களில், 'நேர்மறை வலுவூட்டல்' என்ற உளவியல் மொழியிலேயே இருந்தது. இரண்டு ஆண்டு கழித்துப் பொது வாசகர்களுக்கு எழுதியபோது ஓல்ட்ஸ் அவற்றை 'இன்ப மையங்கள்' என்றார். உலகம் பிடித்துக்கொண்டது இந்தப் பெயரைத்தான்.

சோதனையிலேயே ஒரு நெருடல் இருந்தது. 1965இல் ஆர்யே ரூட்டன்பர்க், லிண்டி ஆகியோர் எலிகளுக்கு நாளில் குறுகிய நேரம் மட்டும் இரண்டு நெம்புகோல்களைக் கொடுத்தார்கள். ஒன்றில் உணவு, மற்றதில் மின்துடிப்பு. மின்துடிப்பையே தேர்ந்தெடுத்த எலிகள் பட்டினியால் மடியும் நிலைக்குப் போயின. இன்பம் கிடைத்த உயிரிடம் ஒரு நிறைவு தெரிய வேண்டும். இந்த எலிகளிடம் தெரிந்தது ஓயாத தேடல்.

மனிதர்களிடமும் அதே நெருடல். நியூ ஆர்லியன்ஸின் துலேன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹீத், 1950 முதலே மனநோயாளிகளின் மூளையில் மின்முனைகளைப் பொருத்திவந்தார். 1960களில் நோயாளிகள் தாமே விசையை அழுத்தித் தம் மூளையைத் தூண்டிக்கொள்ளும் கருவியையும் கொடுத்தார். கருவியைத் திரும்ப வாங்கும்போது மறுத்தவர்கள் இருந்தார்கள் என்று அவர் பதிவுசெய்தார். ஹீத் இதை இன்பத்தின் சான்றாகக் கண்டார். அவருடைய பதிவுகளைப் பின்னாளில் மறுபடி வாசித்த ஆய்வாளர்கள், 'இன்னும் வேண்டும்' என்ற உந்துதலுக்குத்தான் அவற்றில் தெளிவான சான்று இருப்பதாகச் சொன்னார்கள். நோயாளிகளின் சம்மதம் எந்த அளவுக்கு உண்மையான சம்மதம் என்ற கேள்வி ஹீத்தின் பெயரோடு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓரினச்சேர்க்கையை 'மாற்றுவதாக' ஓர் இளைஞரின் மூளையை அவர் தூண்டிய 1972ஆம் ஆண்டுச் சோதனை, எந்த விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாதது.

1986இல் வேறொரு நிகழ்வு மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. தீராத வலிக்காக மூளையின் தலாமஸ் பகுதியில் மின்முனை பொருத்தப்பட்ட ஒரு பெண், அதில் பாலுணர்வுக் கிளர்ச்சியும் எழுவதைக் கண்டு, நாள் முழுக்கக் கருவியைத் திருகத் தொடங்கினார். குளிப்பதையும் குடும்பத்தையும் மறந்தார். திருகிய விரலின் நுனியில் புண் வந்தது. கருவியை ஒளித்துவைக்கும்படி வீட்டாரிடம் கெஞ்சுவார். பிறகு அதைத் திருப்பிக் கேட்பார்.

வேரும் மாத்திரையும்

மின்முனைகளோடு சமகாலத்தில், வேதியியல் வழியாக இன்னொரு பாதை திறந்தது. அதன் தொடக்கம் இந்தியாவில். நம் மருத்துவ மரபில் பாம்புக்கடிக்கும் சித்தப்பிரமைக்கும் கொடுத்துவந்த சர்ப்பகந்தா வேரைப் பற்றி, 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் நவீன மருத்துவ இதழில் எழுதினார்கள். இரத்தக் கொதிப்பையும் வெறியையும் அது தணிப்பதாகச் சொன்னார்கள். மேற்குலகம் கவனித்தது 1949இல், பம்பாயின் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் பிரிட்டிஷ் இதய இதழில் தம் அனுபவத்தை வெளியிட்டபோது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. 1954இல் நியூயார்க்கில் நேதன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார்.

ரெசர்பினுக்கு ஒரு பக்கவிளைவு இருந்தது. இரத்தக் கொதிப்புக்காக அதை உட்கொண்ட சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் விழுந்தார்கள். (இது எத்தனை பேருக்கு நேர்ந்தது என்ற அன்றைய கணக்குகள் மிகையானவை என்று பின்னர் வாதிடப்பட்டது.) 1955இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் பெர்னார்டு பிரோடியின் குழு, நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் செரோடோனின் என்ற பொருளை ரெசர்பின் மூளையில் காலிசெய்கிறது என்று காட்டியது. பிரோடியிடம் பயின்று சுவீடனுக்குத் திரும்பிய ஆர்வித் கார்ல்சன், அது அதே வகைப் பொருளான நார்அட்ரினலினையும் காலிசெய்வதைக் கண்டார். அவருடைய சோதனையில், ரெசர்பின் கொடுத்ததும் முயல்கள் காது தொங்கி அசையாமல் கிடந்தன. எல்-டோபா என்ற பொருளை ஊசியாகப் போட்ட சிறிது நேரத்தில் அவை எழுந்து நடமாடின. அவற்றின் மூளையில் அப்போது கூடியிருந்தது டோபமைன். அதுவரை வேறொரு பொருள் உருவாகும் வழியில் இடைநிலையாக வந்துபோவது என்றே கருதப்பட்ட டோபமைனுக்கு மூளையில் தனி வேலை உண்டு என்று 1957–58இல் நிறுவிய இந்த ஆய்வு, 2000இல் கார்ல்சனுக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. சர்ப்பகந்தா இல்லாமல் டோபமைனின் கதை இந்த வடிவில் தொடங்கியிருக்காது.

மனச்சோர்வைத் தீர்க்கும் முதல் மருந்துகளும் இதே ஆண்டுகளில் வந்தன. 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த சீ வியூ காசநோய் மருத்துவமனையில் இப்ரோனியாசிட் கொடுக்கப்பட்ட நோயாளிகள் எதிர்பாராத உற்சாகம் அடைந்தார்கள். வார்டில் ஆடிய நோயாளிகளின் படங்கள் செய்தித்தாள்களில் வந்தன. 1957இல் கிளைன் குழு அதை மனச்சோர்வுக்கே கொடுத்துப் பார்த்தது. அதே ஆண்டு, கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் மூன்ஸ்டர்லிங்கன் மனநல மருத்துவமனையின் ரோலண்ட் கூன், மனச்சிதைவுக்குப் பயன்படாமல் போன கெய்கி நிறுவனத்தின் இமிப்ரமின் மனச்சோர்வைத் தணிப்பதாக அறிவித்தார். கூனைப் பல காலம் கூர்ந்த கண்ணுள்ள மருத்துவர் என்று மட்டுமே போற்றிவந்தார்கள். அந்த மருத்துவமனையில் பல ஆண்டுகள் சம்மதம் கேட்காமலே நோயாளிகளிடம் மருந்துகள் சோதிக்கப்பட்டன என்பதை, 2019இல் வெளியான சுவிஸ் வரலாற்றாய்வு ஆவணங்களோடு காட்டியது.

இந்தத் துண்டுகளை ஒட்டிக் கோட்பாடு எழுந்தது. 1965இல் ஜோசப் ஷில்டுக்ராட், மனச்சோர்வு நார்அட்ரினலின் குறைவால் வருகிறது என்ற கருதுகோளை முன்வைத்தார். 1967இல் இங்கிலாந்தின் அலெக் காப்பன் செரோடோனினைச் சுட்டினார். செரோடோனினை மட்டும் குறிவைத்து எலை லில்லி நிறுவனம் உருவாக்கிய ஃப்ளுவாக்செட்டின், 1987 டிசம்பரில் அமெரிக்க அனுமதி பெற்று 'புரோசாக்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 'வேதிச் சமநிலை குலைவு' என்ற சொற்றொடர் அதன் பிறகு மருத்துவர் அறையிலிருந்து விளம்பரம் வரை பரவியது. ஆனால் மருந்து சில மணி நேரத்தில் செரோடோனின் அளவை மாற்றிவிடுகிறது. மனம் தெளியவோ வாரங்கள் ஆகின்றன. குறைவுதான் காரணம் என்றால் இந்தத் தாமதம் ஏன் என்ற கேள்விக்கு அந்தக் கோட்பாட்டில் பதில் இல்லை. 2022இல் ஜோனா மான்கிரீஃப் உள்ளிட்டோர் வெளியிட்ட விரிவான மறுஆய்வு, மனச்சோர்வு செரோடோனின் குறைவால் வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று முடித்தது.

இதைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிடுவது ஆபத்து. மருந்து பலன் தருகிறதா என்பது ஒரு கேள்வி, நோய் எதனால் வந்தது என்பது வேறு கேள்வி. 522 சோதனைகளையும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளையும் தொகுத்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், சோதித்த 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தந்தன. அந்தக் கூடுதல் பெரியது அல்ல என்றாலும் அது இருக்கிறது. மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்துவது உடலையும் மனதையும் ஒருசேரக் குலைக்கும்.

விரும்புதலும் வேண்டுதலும்

1978இல் மாண்ட்ரீலின் ராய் வைஸ், டோபமைனைத் தடுக்கும் மருந்து கொடுத்த எலிகள் உணவுக்காக நெம்புகோலை அழுத்துவதைப் படிப்படியாகக் கைவிடுவதைக் கண்டார். டோபமைன் போனால் உணவின் இன்பமே போய்விடுகிறது என்று விளக்கினார். தெளிவான, அழகான விளக்கம். கிட்டத்தட்ட எல்லோரும் ஏற்றார்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜும் அதை ஏற்றவர்தான். இன்பத்தை அளக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. இனிப்பு நாக்கில் பட்டால் பச்சிளங்குழந்தை உதட்டை நக்குகிறது; கசப்பு பட்டால் வாயைப் பிளந்து துப்புகிறது. எலியும் அப்படியே. இந்த முகக்குறிகளை வீடியோவில் பதிவுசெய்து எண்ணலாம். டோபமைனை அகற்றினால் இனிப்புக்கான முகக்குறி மங்கும் என்று எதிர்பார்த்தார் பெரிட்ஜ். 1989இல் அவரும் டெரி ராபின்சனும் சேர்ந்து, எலிகளின் டோபமைனை அநேகமாக முழுவதும் அழித்துப் பார்த்தார்கள். அந்த எலிகள் உணவு அருகில் இருந்தும் உண்ணப் போகவில்லை. குழாய் வழி ஊட்டாவிட்டால் இறந்திருக்கும். ஆனால் சர்க்கரைக் கரைசலை வாயில் விட்டதும் எப்போதும்போல் உதட்டை நக்கின. சுவையின் இன்பம் அப்படியே இருந்தது. போனது, அதை நாடிச் செல்லும் உந்துதல்.

இதிலிருந்து பெரிட்ஜ் 'வேண்டுதல்' வேறு, 'விரும்புதல்' வேறு என்று பிரித்தார். இந்தத் துறையில் இதைவிடப் பெரிய திருத்தம் நிகழவில்லை என்றே சொல்ல வேண்டும். ஓல்ட்ஸின் எலியும், விரலில் புண் வந்த அந்தப் பெண்ணும் இப்போதுதான் புரிகிறார்கள்: அவர்களிடம் தூண்டப்பட்டது பெரும்பாலும் வேண்டுதல். போதைக்கு அடிமையானவர் போதையில் சுகம் குறைந்த பிறகும் ஏன் அதையே தேடி அலைகிறார் என்பதற்கு, 1993இல் ராபின்சனும் பெரிட்ஜும் இதே பிரிவைக் கொண்டு விளக்கம் தந்தார்கள். பார்க்கின்சன் நோய்க்கு டோபமைன் ஏற்பிகளைத் தூண்டும் மருந்து உட்கொண்ட சிலர் திடீரென்று சூதாட்டத்திலும் கட்டுக்கடங்காமல் பொருள் வாங்குவதிலும் விழுவது 2000களில் பதிவானது. மருந்தை மாற்றியபோது பலருக்கு அந்த வெறி விலகியது. அதற்குள் சேமிப்பை இழந்த குடும்பங்கள், அதை ஒழுக்கக்கேடு என்று எண்ணி வெட்கப்பட்டிருந்தன.

விரும்புதலுக்கான இடங்கள் மிகச் சிறியவை. எலியின் முன்மூளையில் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதியில் அத்தகைய 'சூட்டுப்புள்ளி' ஒரு கன மில்லிமீட்டர் அளவே. அங்கே வேலை செய்பவை மூளை தானே சுரக்கும் அபின் போன்ற பொருள்களும், கஞ்சா போன்று செயல்படும் அனாண்டமைடும். முன்னவற்றை 1975இல் அபர்டீனில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் இருவரும் கண்டார்கள். பின்னதை 1992இல் ஜெருசலேமில் ரஃபேல் மெச்சூலமின் குழு பன்றி மூளையிலிருந்து பிரித்து, ஆனந்தம் என்ற சொல்லையே அதற்குப் பெயராக்கியது.

டோபமைனின் வேலையை இன்னும் துல்லியமாகச் சொன்னவர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். சுவிட்சர்லாந்தின் ஃப்ரைபூர்க்கில் குரங்குகளின் டோபமைன் நரம்பணுக்களை ஒவ்வொன்றாகப் பதிவுசெய்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அவை துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, விளக்குக்குத் துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் வழக்கமான துடிப்பும் அடங்கியது. 1997இல் பீட்டர் தயான், ரீட் மாண்டேக் ஆகியோருடன் சேர்ந்து அவர் இதைக் கணித வடிவில் எழுதினார்: டோபமைன் சொல்வது, கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வேறுபாட்டை. ஆண்டுதோறும் வரும் தீபாவளி போனஸ் கையில் விழும்போது மனம் துள்ளாததும், அதில் நூறு ரூபாய் குறைந்தால் சுருக்கென்று தைப்பதும் இந்தக் கணக்கின்படிதான்.

துயரத்தின் சுற்றுகள்

1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும், தப்ப வழியில்லாத மின்னதிர்ச்சிக்கு உள்ளான நாய்கள், பிறகு தப்ப வழி இருந்தும் முயலாமல் படுத்துக் கிடப்பதைக் காட்டினார்கள். நம் முயற்சியால் எதுவும் மாறாது என்பதை உயிர் கற்றுக்கொள்கிறது என்று சொல்லி, அதைக் 'கற்ற கையறுநிலை' என்றார்கள். மனச்சோர்வைப் புரிந்துகொள்ள உலகெங்கும் இது மாதிரியாயிற்று.

மேயர் அதன்பின் நரம்பியலாளராக மாறி, கொலராடோவில் எலிகளைக் கொண்டு அதே கேள்வியைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார். கிடைத்த விடை தம் சொந்தக் கோட்பாட்டையே தலைகீழாக்கியது. நீடித்த தாக்குதலுக்கு உள்ளாகும்போது மூளைத்தண்டில் டார்சல் ராஃபே என்ற பகுதியின் செரோடோனின் நரம்பணுக்கள் பலமாகத் தூண்டப்பட்டு உடலை முடக்குகின்றன. இதற்குக் கற்றல் தேவையில்லை. கற்றுக்கொள்ளப்படுவது அதற்கு எதிரானது. சக்கரத்தைத் திருப்பினால் அதிர்ச்சி நிற்கிறது என்று எலி உணரும்போது, முன்மூளையின் நடுப்பகுதி கீழே கட்டளை அனுப்பி அந்த நரம்பணுக்களை அடக்குகிறது. அப்படி ஒருமுறை அடக்கப் பழகிய எலி, பின்னர் தப்ப முடியாத அதிர்ச்சியிலும் முடங்கவில்லை. 2016இல் இருவரும் சேர்ந்து கட்டுரை எழுதி, ஐம்பது ஆண்டுப் பழைய தம் விளக்கத்தைத் திருத்தினார்கள். விளம்பரங்கள் மகிழ்ச்சியின் பொருளாகக் காட்டிய செரோடோனின், இங்கே முடக்கத்தின் கருவி. ஒரு வேதிப்பொருளுக்கு ஓர் உணர்ச்சி என்று முத்திரை குத்த முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2007இல் மசாயுகி மட்சுமோடோ, ஒகிஹிடே ஹிகொசாகா இருவரும் மூளையின் நடுவே ஹபெனுலா என்ற சிறு பகுதியைக் கவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஷுல்ட்ஸின் நரம்பணுக்கள் அடங்கும் அதே நொடியில், எதிர்பார்த்த பரிசு வராதபோது, குரங்கின் பக்க ஹபெனுலா துடித்தது. அதன் துடிப்பே டோபமைனை அடக்கியது. ஏமாற்றத்தைச் சொல்லவும் மூளையில் ஒரு பகுதி இருக்கிறது.

இதோடு கெட்டமைன் கதை வந்து இணைந்தது. அறுவை சிகிச்சையில் மயக்கம் கொடுக்கப் பயன்படும் இந்த மருந்து, சிறு அளவில் மனச்சோர்வைச் சில மணி நேரத்தில் தணிப்பதாக 2000இல் யேல் பல்கலைக்கழகக் குழு சிறிய சோதனை ஒன்றில் கண்டது. 2018இல் சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழகத்தில் ஹைலான் ஹூவின் குழு, மனச்சோர்வு போன்ற நிலையில் உள்ள எலிகளின் பக்க ஹபெனுலாவில் நரம்பணுக்கள் கொத்துக்கொத்தாகத் துடிப்பதையும், கெட்டமைன் அந்தத் துடிப்பை நிறுத்துவதையும் காட்டியது. மருந்தின் செயலுக்கு இது ஒரு விளக்கம். வேறு விளக்கங்களும் போட்டியில் உள்ளன. மூக்கில் தெளிக்கும் எஸ்கெட்டமைனுக்கு 2019 மார்ச்சில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. மயக்கநிலையும் அடிமையாகும் ஆபத்தும் உள்ளதால் மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே தரப்படுகிறது.

பகுதி 25

எந்த மருந்துக்கும் அசையாத மனச்சோர்வுக்கு மின்முனை 2005இல் மீண்டும் வந்தது. இம்முறை சம்மதத்தோடும் இலக்கோடும். மூளைப் படங்களை ஆராய்ந்த ஹெலன் மேபெர்க், முன்மூளையின் அடியில் 'பகுதி 25' என்று எண்ணிட்ட இடம் ஆழ்ந்த சோகத்தில் மிகையாக இயங்குவதையும், குணமாகும்போது அடங்குவதையும் கண்டிருந்தார். டொராண்டோவில் ஆறு பேருக்கு அங்கே மின்முனை வைக்கப்பட்டது. மின்னோட்டம் தொடங்கியதும் அறுவை மேசையிலேயே சிலர், உள்ளிருந்த வெறுமை விலகியதாகவும் அறை வெளிச்சமானதாகவும் சொன்னார்கள். நான்கு பேருக்கு ஆறு மாதம் கழித்தும் பலன் நீடித்தது. அவர்கள் விவரித்ததில் களிப்பு இல்லை. ஒரு பாரம் இறங்கியது மட்டும் இருந்தது. இன்பத்தைக் கூட்டாமலே துயரத்தை நிறுத்த முடியும் என்பதை இது மனிதரிடம் காட்டியது.

பாதை நேராக அமையவில்லை. தொண்ணூறு பேரிடம் நடந்த பெரிய சோதனையில், ஆறு மாத முடிவில் மின்னோட்டம் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2017இல் அந்த முடிவு வெளியானது. இரண்டு ஆண்டு வரை தொடர்ந்தவர்களில் முன்னேற்றம் கூடிவந்தது என்றாலும் சோதனை அதற்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது.

2023இல் மேபெர்க் உள்ளிட்ட குழு, மூளையின் மின்னலைகளையும் பதிவுசெய்யும் புதிய மின்முனைகளைப் பத்து நோயாளிகளுக்குப் பொருத்தி, அந்த அலைகளில் நோயையும் நலத்தையும் பிரித்தறியும் அடையாளம் ஒன்றைக் கண்டறிந்ததாக வெளியிட்டது. ஒருவருக்கு நோய் திரும்பியபோது, அவரோ மருத்துவரோ உணர்வதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே அந்த அடையாளம் மாறியிருந்தது.